கொடுத்தவர் பெயர்: இன்பம்

ஆம்பூர்
13.2.1996, செவ்வாய்

மரியாயே வாழ்க

அன்புள்ள தம்பி கிறிஸ்துராஜுக்கு அக்கா எழுதுவது.

நேற்று காலை பத்தே காலுக்குப் போலீஸ் வந்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், கட்டிலில் உன் மாமா, தையல் மிஷினுக்கு எண்ணெய் கேட்டு வந்த பக்கத்து வீட்டு வஹீதா. வந்தவர்கள்: வேலூர் குற்றப்பிரிவு எஸ்.ஐ. ஒருவர், போலீஸ்காரர் இரண்டு பேர், அவர்களுக்கு வழி காட்டிக்கொண்டு வந்த கோயில் தெரு சவுரியம்மாள். வேறு ஒருவரும் இல்லை. உன் வக்கீல் கேட்டால் இப்படியே சொல். பிறகு அவர் இருந்தார் இவர் இருந்தார் என்று யாரும் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி எங்கம்மா இருக்காரு?" என்றார். "எந்த ஊர்னு தெரியாது சார்" என்றேன். அது பொய் இல்லை. ரயில்வேயில் இருக்கிற உன் தோஸ்த் ஜெஸ்டன்தான் கடிதம் கொண்டு வருகிறான், கொண்டு போகிறான். ஊர் பெயர் எழுதாதே, ஜெஸ்டனும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தெரியாமல் இருந்தால்தான் தெரியாது என்று சொல்ல வாய் வரும் எனக்கு.

கட்டிலுக்கு அடியில், பரண் மேல், அரிசி டிரம் பின்னால் எல்லாம் பார்த்தார்கள். வஹீதா சும்மா இருக்கவில்லை. "இன்னா சார் கட்டிலுக்கு அடியில குனியறீங்க, ஆறடி ஆளு அங்க எப்படி சார் படுப்பாரு? அப்படியே என் ஆறாயிரத்தையும் தேடுங்க, கெடச்சா கையில குடுத்துட்டுப் போங்க" என்றாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துச் சேர்த்து உன்னிடம் போட்ட காசு தம்பி அது. எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையும் குனிந்தது.

சவுரியம்மாள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள். "வாங்கக்கா" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வார்டு பெருக்கி ரிட்டையர் ஆனபோது கொடுத்த பணத்தில் பதினெட்டாயிரம் உங்கள் பெராக்கா பைனான்ஸில் போட்டிருக்கிறாளாம். புகார் கொடுத்ததில் முதல் கையெழுத்து அவளுடையது.

உன் கூட்டாளி இளம்பரிதி போன மாதமே உள்ளே போய்விட்டார். அடுத்தது நீ என்கிறார்கள். ரெனிட்டாவும் குழந்தை இவானும் காட்பாடியில் அவள் அம்மா வீட்டில் சுகம். நீ எதில் எல்லாம் கையெழுத்துப் போட்டாய், எப்போது வரை அந்தக் கம்பெனியில் இருந்தாய், ஒளிக்காமல் எழுது.

அக்கா
இன்பம்


18.2.96

அக்கா,

ஊர் எழுதவில்லை, நீ சொன்ன மாதிரியே.

நீ பயப்படாதே. ஜெயிலுக்கெல்லாம் போகிற கேஸ் இல்லை இது. வேலூர் வக்கீல் சுந்தரமூர்த்தி சார் முன்ஜாமீனுக்குப் போட்டிருக்கிறார். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். போலீஸ் பிடிப்பதற்கு முன்னாலேயே கோர்ட்டில் போய் ஜாமீன் கேட்டு வைத்துக்கொள்வது. அது கிடைத்துவிட்டால் பிடித்தாலும் ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். ஒரு ராத்திரி கூட உள்ளே வைக்க முடியாது.

நீ கேட்டதற்குப் பதில். நான் 95 ஜனவரி 14-ஆம் தேதியே பெராக்காவிலிருந்து விலகிவிட்டேன். இளம்பரிதியிடம் லெட்டர் கொடுத்துவிட்டேன். வெட்கமாக இருந்ததால் உன்னிடமும் ரெனிட்டாவிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வசூல் பண்ணியது எல்லாம் அவன். பேரணாம்பட்டுக் கிளை திறந்ததும் அவன்தான். மனுவில் இதைத்தான் சொல்லியிருக்கிறோம்.

ஒரே ஒரு பேஜார். சவுரியம்மாள் வாக்குமூலத்தில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள். போன வருஷம் ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பூசையில், "பேரணாம்பட்டுக் கிளை திறப்புக்கு நன்றியாகக் கிறிஸ்துராஜ் குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் பூசை" என்று பீடத்தில் கருத்து வாசித்தார்களாம். அதை நம்பித்தான் பணம் போட்டாளாம். ஜனவரியில் விலகினவன் ஜூலையில் எதற்கு நன்றிப் பூசை கொடுக்கிறான் என்று அரசு வக்கீல் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கருத்து நீ கொடுத்ததுதானே அக்கா? கோயில் நோட்டில் உன் பெயர்தான் இருக்கிறது. மாமாவுக்குக் கால் வலி என்றாலும் பூசை, இவானுக்குப் பல் முளைத்தாலும் பூசை கொடுக்கிறவள் நீ. நான் இன்னும் கம்பெனியில் இருக்கிறேன் என்று நினைத்து அன்பில் கொடுத்துவிட்டாய். அதில் தப்பில்லை. "என் தம்பிக்குத் தெரியாமல் நானாகக் கொடுத்தேன், அவன் விலகியது எனக்குத் தெரியாது" என்று ஒரு அபிடவிட் போட்டால் போதும். சார் டைப் அடித்து வைத்திருப்பார். நீ வேலூர் போய்க் கையெழுத்து மட்டும் போடு.

மாமா காலுக்கு மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா?

உன் தம்பி
ராஜ்


ஆம்பூர்
24.2.96, சனி

அன்புள்ள தம்பிக்கு,

விபூதிப் புதனும் வந்து போயிற்று. நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கோயில் முற்றத்தில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. நூற்று முப்பது வீடாவது இருக்கும் நம் கோயில் பங்கில். அதில் நாற்பது வீட்டுப் பணம் உன் கம்பெனியில். தோல் டேனரிகள் மூடினபோது கிடைத்த காசு அதில் ஜாஸ்தி.

வியாழக்கிழமை பஸ் பிடித்து வேலூர் போய் வக்கீலைப் பார்த்தேன். டைப் அடித்த தாளைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன். குமாஸ்தா பையன் வாசித்தான். நீ எழுதினபடிதான் இருந்தது. ஆனால் கடைசியில் "இது என் அறிவுக்கு எட்டியவரை உண்மை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் நின்றுவிட்டேன்.

நான்தான் கொடுத்திருப்பேன் என்று நானும் நம்புகிறேன். நீ சொல்வது போல எதற்கெடுத்தாலும் கருத்துக் கொடுக்கிறவள்தானே. அந்த ஜூன் கடைசியில்தான் உன் மாமாவுக்குக் கால் ஆபரேஷன். ஒரு வாரம் வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். பூசைக்கு நான் வரவில்லை. போகிற அவசரத்தில் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் நினைப்பது வேறு, சத்தியம் பண்ணுவது வேறு. என் வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார். "அம்மா, ஜட்ஜ் உங்க மளிகைக் கணக்கைக் கேக்க மாட்டாரு" என்றார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சவுரியம்மாளைப் பார்த்தேன். நானாகப் போய்ப் பேசினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

"இன்பம், உன் தம்பி மூஞ்சிக்கு நான் பத்து பைசா போட மாட்டேன். கருத்து வாசிச்சதும் பூசை முடிஞ்சி கோயில் நோட்டு எழுதுற உபதேசியார்கிட்ட போய், யாரு குடுத்ததுன்னு கேட்டேன். இன்பம்னாரு. அந்தம்மா கணக்குப் பாக்காம ஒரு கட்டு கீரை கூட வாங்க மாட்டாளே, அவ கோயில்ல நன்றி சொல்றான்னா கம்பெனி கெட்டியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். மறுநாளே பேங்க்ல எடுத்துட்டுப் போய்க் கட்டினேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

வேலூர் கோர்ட்டில் என்ன ஆயிற்று?

இன்பம்


1.3.96

அக்கா,

வேலூர் செஷன்ஸ் கோர்ட்டில் தள்ளுபடி ஆகிவிட்டது. உன் அபிடவிட் இருந்திருந்தால் தள்ளுபடி ஆகியிருக்காது என்று சார் சொல்லி அனுப்பினார். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் உண்மை அதுதான்.

இனி மெட்ராஸ் ஐகோர்ட். மார்ச் 25 திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. அங்கேயும் தள்ளுபடி ஆனால் வேலூர் ஜெயில்தான். இளம்பரிதி அங்கே இருக்கிறான். எட்டுக் கிலோ கம்மியாகிவிட்டானாம்.

நீ எதற்கு நோட்டை எல்லாம் புரட்டிக்கொண்டிருக்கிறாய்? இருபது வருஷமாகக் கறிவேப்பிலைக்குக் கொடுத்த நாலணா வரை எழுதி வைத்திருப்பாய். அதை எல்லாம் தோண்டினால் யாருக்கு லாபம்? கோயில் நோட்டில் கொடுத்தவர் இன்பம் என்று இருக்கிறது. அது போதும். கோயில் ஆபீசுக்குப் போய் உபதேசியாரைக் கேட்பது, கிளறுவது எதுவும் வேண்டாம். அவர் வாய் சும்மா இருக்காது.

ராத்திரி தூக்கம் இல்லை. நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். இங்கே வீட்டுக்காரர்களுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏதோ வயிற்று வலிக்காரன் என்று நினைத்துக் கஞ்சி கொடுக்கிறார்கள். இவானை ஒரு நாள் பார்த்தால் போதும்.

கையெழுத்துப் போடு அக்கா. உன்னை வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

ராஜ்


ஆம்பூர்
7.3.96, வியாழன்

தம்பிக்கு,

கோயில் ஆபீசுக்குப் போக வேண்டாம் என்று நீ எழுதியிராவிட்டால் ஒருவேளை நான் போயிருக்க மாட்டேன்.

முதலில் நோட்டைப் பார்த்தேன். 1995 ஜூன், ஜூலை. ஜூன் 29 அன்று ஆஸ்பத்திரிக்குக் கட்டிய முன்பணம், பஸ் சார்ஜ், பிளாஸ்க், இரண்டு ஆரஞ்சு, உன் மாமாவுக்கு லுங்கி எல்லாம் இருக்கிறது. பாட்டுப் பூசைக்கு நூறு ரூபாய். அது இல்லை. முன்னும் பின்னும் இரண்டு மாதம் பார்த்தேன். இல்லை. மே மாதம் அப்பா நினைவு நாள் பூசைக்கு முப்பது கொடுத்தது இருக்கிறது. என் கையிலிருந்து போன காசு எழுதாமல் விட்டதில்லை. நூறு ரூபாயை எப்படி விடுவேன்?

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போனேன். உபதேசியார் மட்டும் இருந்தார். நோட்டில் என் பெயர்தான் இருந்தது, நீ சொன்னபடி. "இது நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பாத்துத்தானே எழுதினீங்க? அந்தச் சீட்டைப் பாக்கலாமா?" என்றேன். எல்லாச் சீட்டையும் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார், வருஷ வாரியாக. ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார்.

சீட்டு உன் கையெழுத்து. 'ன்' எழுதிவிட்டுப் புள்ளியைத் தள்ளி வைக்கிற உன் பழக்கம், மூன்றாம் வகுப்பில் நான் அடித்தும் திருந்தாதது. அதில் எழுதியிருப்பது: "எங்கள் பேரணாம்பட்டுக் கிளை திறப்புக்கு நன்றியாக, கிறிஸ்துராஜ் குடும்பத்தார். கொடுத்தவர்: இன்பம். ரூ.100. 30.6.95."

எங்கள் என்று எழுதியிருக்கிறாய்.

உபதேசியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "அன்னிக்கு உன் தம்பிதான்மா கொண்டாந்தாரு. அக்கா ஆஸ்பத்திரில இருக்கா, அவ குடுக்கச் சொன்னான்னாரு. உனக்குத் தெரியாதா?" என்றார். உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நீ என் பெயரைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். உன் பெயருக்குப் பணம் வராது, என் பெயருக்கு வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். இப்போது அதே பெயரை வைத்து அபிடவிட் போடச் சொல்கிறாய்.

ஜனவரி 14 என்று மனுவில் இருக்கிறதே, அன்றைக்குப் பொங்கல். எந்த ஆபீசில் யாரிடம் லெட்டர் கொடுத்தாய்?

சீட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. "பாத்துட்டுக் குடும்மா, அவசரம் இல்ல" என்று கையில் கொடுத்து அனுப்பினார் அந்த மனுஷன். என்னை நம்பிக் கொடுத்தார்.

இன்பம்


11.3.96

அக்கா,

ஜெஸ்டன் நிற்கிறான், வண்டிக்கு நேரமாகிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆமாம். நான்தான் எழுதினேன். விலகல் லெட்டர் இந்த ஜனவரியில் பழைய ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியது. போதுமா?

ஏன் என்று கேட்பாய். போன ஜூனில் டேனரி ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கையில் இல்லை. புதுப் பணம் வந்தால்தான் பழைய வட்டி கொடுக்க முடியும். பேரணாம்பட்டில் ஒரு போர்டு மாட்டினோம். அதையும் யாரும் நம்பவில்லை. நம் ஜனங்கள் பேப்பர் விளம்பரத்தை நம்ப மாட்டார்கள், பீடத்தில் வாசித்தால் நம்புவார்கள். உன் பெயர் என்றால் இன்னும் நம்புவார்கள். மூன்று மாதத்தில் சமாளித்து எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாதா சாட்சியாக ஏமாற்ற நினைக்கவில்லை.

அந்தப் பூசைக்குப் பிறகு இரண்டு வாரத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. எல்லாம் வட்டியாகப் போய்விட்டது. என் பையில் ஒன்றும் இல்லை.

சீட்டு உன் கையில் இருப்பது கடவுள் செயல். அடுப்பில் போட்டுவிடு. ஒரு துண்டுப் பேப்பர். நோட்டில் உன் பெயர் இருக்கிறது. நீ அபிடவிட் போட்டால் முன்ஜாமீன் கிடைக்கும். நான் வெளியே இருந்தால்தானே சம்பாதித்து இவர்களுக்குக் கொடுக்க முடியும்? உள்ளே போனால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. சவுரியம்மாளுக்கும் கிடைக்காது.

இவானுக்கு மூன்று வயது. அப்பா ஜெயிலில் என்று அவன் வளர வேண்டுமா? நீயே சொல்.

ராஜ்


ஆம்பூர்
15.3.96, வெள்ளி

மரியாயே வாழ்க

அன்புள்ள தம்பி கிறிஸ்துராஜுக்கு,

சிலுவைப் பாதை முடிந்து வந்து எழுதுகிறேன். முழங்கால் வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். நாலாவது தடவை உன் மாமாவிடம் கொடுத்தேன். இத்தனை நாளும் இதில் வாயே திறக்காதவர். வாசித்துவிட்டு, "என் கால் ஆபரேஷன் அன்னிக்கா எழுதினான்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் சாப்பிடாமல் படுத்தது அன்று ஒரு நாள்தான்.

சீட்டை எரிக்கவில்லை. இரண்டு ராத்திரி எரிக்கலாமா என்று நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பு வரை கொண்டுபோனேன். நீ பிறந்தபோது அம்மாவுக்குப் பால் இல்லை, உன்னைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் பால் கேட்டு அலைந்தவள் நான். எனக்கு மட்டும் உன்னை உள்ளே பார்க்க ஆசையா? ஆனால் அதை எரித்தால் இனி நான் கோயிலில் எழுதிக் கொடுக்கிற எதுவும் எதற்கும் ஆகாது. உனக்காக வேண்டிக்கொள்கிற சீட்டும் சேர்த்துத்தான்.

நேற்று காலை சீட்டை உபதேசியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கம்பியில் குத்திவிட்டார். போலீசுக்கு நானாகப் போய்ச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டால் மறைக்கவும் மாட்டேன்.

அங்கிருந்து நேராகச் சவுரியம்மாள் வீட்டுக்குப் போனேன். அந்தக் கருத்து நான் கொடுத்தது இல்லை, தம்பி என் பெயரில் எழுதினது என்று சொன்னேன். உரித்துக்கொண்டிருந்த புளியை முறத்தில் போட்டாள். பிறகு சொன்னாள்: "அப்போ ஒரு மாசமா உன்கிட்ட மூஞ்சி குடுக்காம இருந்தேனே, அது பாவம்தானே? ஏண்டி முன்னாலயே சொல்லல?" எனக்கே தெரியாது என்றேன். "உன் பேருன்னு நம்பிப் போட்டேன், உன் பேரும் திருட்டுப் போன பேருதானா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் புளி கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு இல்லை.

பிறகு மத்தியான பஸ்ஸில் வேலூர் போய் சுந்தரமூர்த்தி வக்கீலைப் பார்த்தேன். அந்த அபிடவிட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். காரணம் முழுக்கச் சொன்னேன். சீட்டு இருக்கிறது என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, இது முன்னாலயே தெரிஞ்சிருந்தா நான் அந்த மனுவையே போட்டிருக்க மாட்டேனே" என்றார். கோபம் உன்மேல்தான், என்மேல் இல்லை. பொய் மனு போட்டு, நடுவில் சீட்டு வெளியே வந்தால் முன்ஜாமீனும் போய், பிறகு ஜாமீனும் கஷ்டம் என்றார்.

வேறு வழி ஒன்று கேட்டேன். இருக்கிறது என்றார். விலகினேன் என்ற பேச்சை எடுத்துவிட்டு, நான் பங்குதாரர்தான், பணம் கட்டத் தயார், ஒரு பகுதியை இப்போதே கோர்ட்டில் வைக்கிறேன் என்று புது மனு போட வேண்டும். அப்படிச் சொல்கிறவர்களுக்கு, தினமும் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போடு என்று நிபந்தனை வைத்து ஐகோர்ட் முன்ஜாமீன் கொடுத்தது உண்டாம். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன் என்றார். கிடைக்காமலும் போகலாம். போனால் ஜெயில்தான். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

உன் பையில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். காட்பாடியில் ரெனிட்டா பெயரில் இருக்கிற மனையை மறந்துவிட்டாயா, என்னிடம் சொல்ல மறந்தாயா? 94 நவம்பரில் வாங்கியது. பத்திரச் செலவுக்கு நான் நாலாயிரம் கொடுத்தேன், அது நோட்டில் இருக்கிறது. இன்று காலை பூத்திலிருந்து ரெனிட்டாவுக்குப் போன் பண்ணினேன். எல்லாம் சொன்னேன். அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அவரு சரின்னு ஒரு வரி எழுதினா பத்திரத்தை நானே எடுத்துட்டு வர்றேன் அண்ணி. அவரு எழுதாம நான் எடுத்தா நாளைக்கு என்னையே சொல்லுவாரு" என்றாள். அவள் சொல்வது சரி.

மனையை விற்றால் இரண்டரை லட்சம் வரும் என்கிறார்கள். உங்கள் கம்பெனி வாங்கியதோ பத்தொன்பது லட்சம். அதில் இது ஒரு மூலைக்குக் காணாது. எனக்கும் தெரியும். ஆனால் பூசைக்குப் பிறகு வந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று நீயே எழுதினாய். அது என் பெயரில் வந்த பணம். அதையாவது கோர்ட்டில் வைத்துவிட்டு மிச்சத்தைப் பேசு. ஜட்ஜ் யாருக்கு எவ்வளவு கொடுக்கச் சொல்கிறாரோ அவர் பாடு.

அபிடவிட் கேட்டால் இப்போதும் தருகிறேன். என் கையால் தமிழில் எழுதினது, மூன்றே வாக்கியம்: அந்தக் கருத்தை நான் கொடுக்கவில்லை. என் தம்பி கொடுத்தான். அவன் பணத்தைக் கட்ட வருவான் என்று நம்புகிறேன். மூன்றாவது வாக்கியம் உண்மையா பொய்யா என்பது உன் கையில் இருக்கிறது. அதனால்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

25-ஆம் தேதி திங்கட்கிழமை கேஸ். புது மனு தயார் பண்ண வக்கீலுக்கு 21 வியாழக்கிழமைக்குள் தெரிய வேண்டும். இதைக் கொண்டுவரும் ஜெஸ்டன் புதன்கிழமை இந்தப் பக்கம் திரும்புகிறானாம், உன் பதிலுக்காக அங்கே காத்திருப்பான். மனைப் பத்திரத்தைக் கோர்ட்டில் வைக்கச் சம்மதமா இல்லையா? நீளமாக எழுத வேண்டாம், காரணம் எழுத வேண்டாம். ரெனிட்டாவுக்கு ஒரு வரி, எனக்கு ஒரு வரி. சீக்கிரம் எழுதி அனுப்பு.

உன் அக்கா
இன்பம்